பார்த்த இடத்தில் காணவில்லை

ஓய்வு பெற்றவனை விழாவுக்குக் கூப்பிட்டால், போட்ட மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, கேக்கைத் தின்று, தேத்தண்ணியைக் குடித்து, வாயைப் பொத்திக்கொண்டு வீடு வந்து சேர வேண்டும். அந்த நாகரிகம் எனக்கு வரவில்லை. நான் வேலை பார்த்த மரபணு ஆய்வுகூடத்துக்குப் புதிய இயந்திரம் வந்திருக்கிறது, வந்து பாருங்கள் என்று இப்போது அங்கே வேலை செய்யும் பிள்ளைகள் அழைத்தார்கள். குண்டசாலையிலிருந்து பஸ் ஏறிக் கண்டிக்குப் போனேன். இயந்திரம் நல்ல இயந்திரம். நாங்கள் மாதக்கணக்கில் மல்லுக்கட்டியதை அது சும்மா ஊதித் தள்ளுகிறது. அது கடைசியில் அச்சடித்துத் துப்பிய தாளைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. “மாற்றம் எதுவும் இல்லை” என்று அதில் இருந்தது.

இல்லையா, காணவில்லையா என்று கேட்டேன். பிள்ளைகளில் ஒரு பெண் துணிந்து, இரண்டும் ஒன்றுதானே சார் என்றாள். கையில் கேக்கோடு நின்றுகொண்டு அதற்குப் பதில் சொல்ல முடியாது. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இது அந்தப் பிள்ளைக்காக எழுதுவது.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வத்தேகமவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடொன்றில் பிறந்தேன். கண்டியில் படித்து, கொழும்பில் பயிற்சி எடுத்து, மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர் என்ற பட்டத்தோடு திரும்பினேன். பெயர்தான் இத்தனை நீளம். வேலை என்னவோ ரத்தம், சளி, சிறுநீர். நாற்பது வயதைத் தாண்டியபோது, என்ன நினைத்தார்களோ, மரபணு ஆய்வுகூடத்துக்கு மாற்றினார்கள். நுண்நோக்கியில் கிருமியைக் கண்ணால் பார்த்துப் பழகியவனிடம், எந்தக் கண்ணாடி போட்டாலும் தெரியாத ஒன்றைத் தேடச் சொன்னார்கள். வெறுத்துப் போய் இருந்த நேரத்தில்தான் டாக்டர் வதனி எங்களுக்குப் பொறுப்பாக வந்து சேர்ந்தார்.

வதனி மேடம் யாழ்ப்பாணத்துக்காரர். வெளிநாட்டில் படித்துவிட்டுத் திரும்பியவர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். வந்த அன்றே என்னைத் தங்கராஜ் அண்ணை என்று கூப்பிட்டார். நான் அவரை மேடம் என்று கூப்பிட்டேன். கடைசி வரை அதில் மாற்றமில்லை. உயரம் குறைவு, குரல் அதைவிடக் குறைவு. அவர் கோபப்பட்டால் குரல் இன்னும் இறங்கும். அப்போது நாம் குனிந்து கேட்க வேண்டியிருக்கும். திட்டு வாங்குவதற்கென்றே குனிந்து காது கொடுப்பது எத்தனை அவமானம் என்று பட்டவனுக்குத்தான் தெரியும்.

அவர் வந்த முதல் வாரம், எங்கள் கட்டடத்து வாசலில் மூன்று மொழியிலும் ஓர் அறிவிப்புப் பலகை மாட்டினார்கள். எழுதியவருக்குத் தமிழ் தெரியாது. கொடுத்த எழுத்துகளை ஒன்றுவிடாமல் பார்த்து, அழகாகத்தான் வரைந்திருந்தார். பலகையில் இடம் போதாததால் வரியை மட்டும் தன் விருப்பத்துக்கு உடைத்துவிட்டார். முதல் வரியில் “பார்வையாளர்” என்று இருந்தது. இரண்டாம் வரி, “கள் உள்ளே வர அனுமதி இல்லை.”

அன்று முழுக்க அந்த வாசலில் சிரிப்பு. தோட்டத்திலிருந்து வந்த ஒருவர், அப்படின்னா சாராயத்துக்குப் பரவாயில்லையா என்று காவலாளியிடம் நிஜமாகவே விசாரித்தார். நானும் சிரித்தேன். மேடமும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுப் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். மருத்துவ மாணவர்களுக்கு எடுத்த அடுத்த வகுப்பில் அந்த இரண்டு வரிகளையும் அப்படியே எழுதினார்.

“இதில எந்த எழுத்துப் பிழை?” என்று கேட்டார்.

ஒன்றுமே பிழையில்லை என்றார்கள்.

“பிறகு ஏன் சிரிச்சனீங்கள்?”

மரபணு வெட்டி ஒட்டப்படுவதை நான் விளங்கிக்கொண்டது அன்றுதான். அதற்கு முன் எத்தனையோ பேர் படம் போட்டுச் சொல்லியும் ஏறாதது, கள்ளைச் சொன்னதும் ஏறிவிட்டது. மரபணு என்பது நாலே நாலு எழுத்துகளால் ஆன மிக நீளமான வாசகம். உடம்பு அதை அப்படியே வாசிப்பதில்லை. முதலில் ஒரு பிரதி எடுக்கும். அந்தப் பிரதிக்குப் பெயர் ஆர்.என்.ஏ. அதில் வேண்டாத பகுதிகளை வெட்டி எறிந்து, வேண்டிய துண்டுகளைச் சேர்த்து ஒட்டும். ஒட்டிய பிறகுதான் அதிலிருந்து புரதம் உண்டாகும். எங்கே வெட்ட வேண்டும், எந்தத் துண்டைச் சேர்க்க வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்பதற்கான குறிகளில் பல, துண்டுகளின் ஓரத்திலும் அந்த ஓரத்துக்கு வெளியே வெட்டுப்பட்டுப் போகும் பகுதியிலும் இருக்கின்றன. துண்டுக்குள் உள்ள எழுத்தெல்லாம் சரியாக இருந்தும், ஓரத்துக் குறி ஒன்று மாறினால் போதும், வாசகம் வேறாகிவிடும்.

இந்த ஆர்.என்.ஏ. என்பது தொட்டால்சிணுங்கி. நம் வியர்வையிலும் எச்சிலிலும் அதைத் தின்று தீர்க்கும் பொருள் இருக்கிறது. அதனால் மேடம் ஒரு மேசையைத் தனியாக ஒதுக்கினார். அந்த மேசைக்கு முன்னால் பேசக் கூடாது. கடிகாரம், மோதிரம் ஆகாது. கையுறையோடு கதவைத் தொட்டால் அந்தக் கையுறை குப்பைக்குப் போக வேண்டும். அங்கே உள்ள குழாய்கள் வேறு மேசைக்குப் போகக் கூடாது. வேறு மேசையிலுள்ளவை இங்கே வரக் கூடாது. எங்கள் அம்மா தீட்டுப் பார்க்கும் துடக்கு வீட்டுக்குப் போய் வந்தால்கூட இத்தனை பார்க்க மாட்டார் என்று நான் முணுமுணுத்தது அவர் காதில் விழுந்துவிட்டது. “ஓம் அண்ணை, இது துடக்கு ஆகாத மேசை,” என்றார். அன்றிலிருந்து அதற்கு அதுவே பெயராகிவிட்டது. சிங்களப் பிள்ளைகள்கூட ‘துடக்கு மேசை’ என்றுதான் சொல்வார்கள்.

ஒருமுறை எங்கள் ஐஸ் இயந்திரம் பழுதாகிப் போனது. குழாய்களைச் சுற்றி வைக்க ஐஸ் இல்லாவிட்டால் வேலை நின்றுவிடும். கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குப் பக்கத்தில் மீன் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா ஒருவரிடம் போய் ஒரு பெட்டி ஐஸ் கேட்டேன். மீனில்லாமல் ஐஸ் மட்டும் வாங்கிப் போகும் கிறுக்கனை அவர் அன்றைக்குத்தான் பார்த்தார். பெட்டியைத் திறந்ததும் ஆய்வுகூடம் முழுக்கக் கெளவல்லோ மீன் மணந்தது. துடக்குப் பார்க்கும் மேடம் குதிப்பார் என்று நினைத்தேன். குழாய்க்கு வெளியேதானே ஐஸ், மூடி இறுக்கமென்றால் பயமில்லை என்று சொல்லிவிட்டு வேலையில் உட்கார்ந்தார். எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டாம் என்று தெளிவாகத் தெரிந்தவர். அப்படி ஒருவருக்குக் கீழே வேலை பார்ப்பது பெரிய கொடுப்பினை.

அவருடைய இன்னொரு பழக்கத்தைத்தான் இந்தக் கதைக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். முடிவு எழுதும்போது அவர் ‘இல்லை’ என்ற சொல்லைத் தொடவே மாட்டார். “பார்த்த இடத்தில் காணவில்லை” என்று எழுதுவார். எந்த இடத்தைப் பார்த்தோம் என்பதையும் கீழே எழுதுவார். டாக்டர்மாருக்கு இது எரிச்சல். உண்டா இல்லையா என்று ஒரு சொல்லில் சொல்லுங்கள் என்பார்கள். வீட்டுச் சாவியை அலுமாரிக்குள் தேடியவர், அலுமாரிக்குள் இல்லை என்று சொல்லலாம், வீட்டில் இல்லை என்று சொல்லலாமா என்று மேடம் கேட்பார். சரியான பிடிவாதம் என்று நானும் ஆரம்பத்தில் நினைத்தவன்தான்.

ஒருநாள் நரம்பியல் டாக்டர் ஒருவர் ஒரு குடும்பத்தை எங்களிடம் அனுப்பினார். வத்தேகமப் பக்கத்துத் தோட்டமொன்றில் பாலர் பாடசாலை நடத்திய தனலெட்சுமி. ஊருக்குத் தனம் டீச்சர். ஐம்பதைத் தாண்டி ஓரிரு வயது. அவரை அழைத்து வந்தவர் கணவர் அல்ல. இறந்துபோன அண்ணனின் மனைவி பாக்கியம். அதுவரை கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர், நாத்தனாரைப் பார்த்துக்கொள்வதற்காக வேலையை விட்டிருந்தார்.

தனம் டீச்சருக்கு மறதி இல்லை. அதுதான் எல்லோரையும் ஏமாற்றியது. டிமென்ஷியா என்ற மூளைத் தேய்வு என்றால் மறதி என்றே நம் ஆட்கள் நினைக்கிறார்கள். இவர் தான் படிப்பித்த பிள்ளைகளின் பெயரையெல்லாம் கடகடவென்று சொன்னார். போனது வேறு. பிள்ளைகளுக்கு வைத்திருந்த இனிப்பைப் பிள்ளைகள் பார்க்கப் பார்க்கத் தானே தின்றார். சாவு வீட்டில் சத்தமாகச் சிரித்தார். கூச்சப்பட வேண்டியதற்குக் கூச்சப்படவில்லை. யாராவது அழுதால் அது அவருக்கு உறைக்கவில்லை. எங்கள் அறைக்குள் வந்ததும் என் சட்டைப் பையில் கை விட்டு, “டொபி இருக்கா?” என்றார். பாக்கியம் அக்கா முகத்தை மூடிக்கொண்டார்.

கணவர் செல்வராஜ் வத்தேகமவில் ஹாட்வெயார் கடையொன்றில் விற்பனையாளர். கெட்ட மனிதர் இல்லை. தொடக்கத்தில் மனைவியைக் கோவில், பள்ளிவாசல், டிஸ்பென்சரி என்று எல்லா இடத்துக்கும் கொண்டு அலைந்தவர். பிறகு வெளியே ஓர் ஆய்வுகூடத்தில் மனைவியின் ரத்தத்தைக் கொடுத்துப் பரம்பரைச் சோதனையும் செய்தார். அந்த முடிவு ஆங்கிலத்தில் வந்தது. தெரிந்த ஒருவரிடம் காட்டியிருக்கிறார். அவர் படித்துப் பார்த்துவிட்டு, ‘நெகட்டிவ், ஒன்றும் இல்லை, சந்தோஷமாகப் போ’ என்று சொல்லியிருக்கிறார். சளியிலே, சிறுநீரிலே நெகட்டிவ் என்றால் நல்ல சேதி என்று பழகிய சனம். செல்வராஜும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். நோய் இல்லை என்று தாளே சொல்லிவிட்டது. நோய் இல்லையென்றால் இதெல்லாம் என்ன? திமிர். வேண்டுமென்றே என்னை ஊருக்கு முன்னால் அவமானப்படுத்துகிறாள் என்று முடிவு கட்டினார். அந்த வாரமே மனைவியை அண்ணி வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விட்டார்.

இதைப் பாக்கியம் அக்கா சொல்லச் சொல்ல மேடத்தின் முகம் சுண்டிப் போனது. சொந்தத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்டார். அக்கா தன் கணவர் குமாரைப் பற்றிச் சொன்னார். தனம் டீச்சரின் கூடப்பிறந்த அண்ணன். தோட்டத்தில் அவருக்குக் குடிகாரக் குமார் என்று பெயர். கூப்பிடாத வீட்டுக்குள் நுழைவாராம். மற்றவர்கள் தட்டில் கை வைப்பாராம். கடைசியில் ஒரு கல்யாண வீட்டில் வாய் நிறையச் சோற்றை அடைத்துக்கொண்டு, மூச்சுத் திணறிச் செத்துப் போனார்.

“குடிச்சுட்டு விக்கிச் செத்தான்னு ஊரே சொல்லுச்சுங்க. எனக்குத் தெரிஞ்சு அவரு ஒரு சொட்டுக் குடிச்சதில்லீங்க. சொன்னா யாரு நம்புறா? புருசன விட்டுக்குடுக்காம பேசுறான்னாங்க.”

அவர்கள் போன பிறகு மேடம் அந்தப் பழைய முடிவை வாங்கிப் பார்த்தார். அதில் பொய் எதுவும் இல்லை. டாவ் என்ற புரதத்தின் மரபணுவைப் பார்த்திருக்கிறார்கள். புரதமாக மாறும் துண்டுகளுக்குள் இருக்கும் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறார்கள். எல்லாம் சரியாக இருந்ததால், மாற்றம் இல்லை என்று எழுதிவிட்டார்கள். “இவை பலகையில எழுத்தை மட்டும் எண்ணியிருக்கினம், அண்ணை. எங்க உடைஞ்சிருக்கு எண்டு பாக்கேல்லை,” என்றார் மேடம்.

டாவ் மரபணுவில் ஒரு விசேஷம் உண்டு. அதன் பத்தாவது துண்டை நம் மூளை சிலவேளை சேர்த்துக்கொள்ளும், சிலவேளை விட்டுவிடும். சேர்த்துச் செய்த டாவும் சேர்க்காமல் செய்த டாவும் வளர்ந்தவர் மூளையில் ஏறக்குறைய பாதிக்குப் பாதி இருக்க வேண்டும். இரண்டுமே நல்ல புரதம்தான். சோற்றுக்கு உப்பு மாதிரி, அளவுதான் முக்கியம். அந்தத் துண்டை அடிக்கடி சேர்க்கத் தொடங்கினால் கணக்குக் குழம்பி, டாவ் கட்டி கட்டியாகச் சேர்ந்து நரம்பணுக்களைக் கொல்லும். நெற்றிப் பக்கத்து மூளைதான் முதலில் அடிவாங்கும். கூச்சம், இரக்கம், அடக்கம் எல்லாம் குடியிருக்கும் இடம் அது.

தனம் டீச்சரின் ரத்தத்தை நாங்கள் மறுபடி எடுத்தோம். பத்தாவது துண்டை மட்டுமல்ல, அதன் இரண்டு பக்கத்து ஓரங்களையும் சேர்த்து எழுத்தெழுத்தாக வாசித்தோம். துண்டு முடிந்து, வெட்டி எறியப்படும் பகுதி தொடங்கிக் கொஞ்சம் தள்ளி, ஓரிடத்தில் இரண்டு எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தன. தாயிடமிருந்து வந்த பிரதியும் தகப்பனிடமிருந்து வந்த பிரதியும் அந்த இடத்தில் ஒத்துப்போகவில்லை என்று பொருள். நான் துள்ளிக் குதித்தேன். மேடம் குதிக்கவில்லை. ஓர் எழுத்து மாறியிருக்கிறது, அவ்வளவுதான் தெரியும். அது வெட்டுவதைக் கெடுக்கிறதா என்று நாம் இன்னும் பார்க்கவில்லையே என்றார். இந்த இடத்து மாற்றத்தை வெளிநாட்டில் முன்பே கண்டு எழுதியிருக்கிறார்களே, அது போதாதா என்றேன். எழுதியவர்கள் தனம் டீச்சரைப் பார்க்கவில்லை, நாம்தான் பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டார்.

உயிரோடு இருக்கும் மனுஷியின் மூளையை வெட்டிப் பார்க்க முடியாது. ரத்தத்தில் டாவ் ஆர்.என்.ஏ. சரியாகக் கிடைக்காது. அதனால் மேடம் சுற்று வழியில் போனார். தனம் டீச்சரின் மரபணுவிலிருந்து அந்தத் துண்டையும் அதன் ஓரங்களையும் மட்டும் எடுத்து, கண்ணாடித் தட்டில் வளரும் உயிரணுக்களுக்குள் செலுத்த வேண்டும். அந்த உயிரணுக்கள் தாமே பிரதியெடுத்து, தாமே வெட்டி, தாமே ஒட்டும். பிறகு அவற்றின் ஆர்.என்.ஏ.யை எடுத்துப் பார்த்தால், துண்டைச் சேர்த்ததா, விட்டதா என்று தெரிந்துவிடும். பக்கத்தில் நோயில்லாத ஒருவருடைய துண்டையும் அதே மாதிரி வைத்து ஒப்பிட வேண்டும்.

சொல்ல எளிது. முதல் தடவை உயிரணுக்கள் செத்தன. அடுத்த தடவை மின்சாரம் போய், ஆர்.என்.ஏ. கரைந்துவிட்டது. நான் துடக்கு மேசையில் உட்கார்ந்து மூச்சைக்கூட அளந்துதான் விட்டேன். மேடம் ஒருநாளும் அவசரப்படுத்தவில்லை. ஆனால் பாக்கியம் அக்கா தொலைபேசியில் கூப்பிடும்போதெல்லாம் வெளியே போய் நெடுநேரம் பேசிவிட்டு வருவார். அண்ணி வீட்டில் இடமில்லை. தனம் டீச்சர் அடுத்த லயத்துச் சமையலறைகளுக்குள் புகுந்து சோற்றுப் பானையைத் திறக்கிறார். பக்கத்து வீட்டார் ஒருநாள் தும்புக்கட்டை விளக்குமாற்றால் அடித்துவிட்டார்கள். நோய் என்று தெரிந்தால் அடிக்க மாட்டார்கள், டாக்டரம்மா, எதையாவது எழுதிக் கொடுங்க என்று அக்கா கெஞ்சினார். வேறு யாராக இருந்தாலும் எதையாவது எழுதிக் கொடுத்திருப்பார்கள். மேடம் எழுதவில்லை. ஒருமுறை நெகட்டிவ் என்று அரைகுறையாக எழுதப்பட்டதால்தான் அந்த மனுஷி தெருவுக்கு வந்தார்; நாமும் அரைகுறையாக எழுதிவிட்டு, நாளைக்கு இன்னொருவர் அதைப் பிழை என்றால் அவர் கதி என்ன என்று கேட்டார். அன்று எனக்கு அவர் மேல் கோபம்கூட வந்தது. இன்றைக்கு நினைத்தால் மனதுக்குள் கும்பிடுகிறேன்.

கடைசியில் சரியாக வந்தது. மாதிரிகளை மின்சாரம் பாய்ச்சிய ஜெல்லில் ஓட்டுவதற்கு முன் மேடம் வேறொரு அறையிலிருந்த பிள்ளையைக் கூப்பிட்டு, எது யாருடையது என்று எனக்கும் தனக்கும் தெரியாதபடி குழாய்களுக்கு வேறு அடையாளம் போடச் சொன்னார். ஆசைப்பட்டதைக் கண் பார்த்துவிடும் என்று அவருக்குப் பயம். ஜெல்லை விளக்குப் பெட்டியில் வைத்தேன். துண்டு சேர்ந்த ஆர்.என்.ஏ. நீளமானது, அதனால் மேலே நிற்கும். சேராதது கீழே ஓடிவிடும்.

“என்ன தெரியுது, அண்ணை?”

ஒரு பாதையில் மேல் கோடும் கீழ்க் கோடும் இரண்டுமே நன்றாகத் தெரிகின்றன, அடுத்ததில் மேல் கோடு தடித்துக் கீழ்க் கோடு மங்கிக் கிடக்கிறது என்றேன். அடையாளத்தை அவிழ்த்துப் பார்த்தோம். தடித்த கோடு தனம் டீச்சருடையது. சரி, மறுபடி முதலிலிருந்து செய்யுங்கோ என்றார். செய்தேன். அதே மாதிரி வந்தது. இன்னொரு தடவை என்றார். செய்தேன். அதற்குப் பிறகுதான் பேனாவை எடுத்தார். தமிழிலேயே எழுதினார். எங்கே பார்த்தோம், எப்படிப் பார்த்தோம், என்ன கண்டோம் என்று எழுதி, கடைசி வரியில், “இது மூளை நோய். நடத்தைக் குறைபாடு அல்ல,” என்று முடித்துக் கையெழுத்திட்டார். அவர் இத்தனை அழுத்தமாக எழுதி நான் பார்த்ததில்லை.

செல்வராஜையும் பாக்கியம் அக்காவையும் வரச் சொன்னோம். தனம் டீச்சரும் வந்தார். கதிரையில் உட்கார்ந்து, நான் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்த டொபியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மேடம் விளக்கத் தொடங்கினார். கள்ளும் பலகையும் எங்கள் எல்லோருக்கும் அத்துப்படியான உதாரணம். எந்தக் கூட்டத்திலும் அதைச் சொல்லாமல் விடமாட்டார். அன்றைக்கு அதை வாயில் எடுக்கவே இல்லை. குடிகாரன் பெண்டாட்டி என்ற பெயரோடு வாழ்ந்த ஒருத்தி எதிரே இருக்கிறாள் என்று அவருக்கு ஞாபகம் இருந்தது. கொழுந்து பறிக்கும்போது எதைக் கிள்ளுவீர்கள், எதை விடுவீர்கள் என்று அக்காவிடம் கேட்டார். அக்கா சொன்னார். உடம்புக்குள்ளும் அப்படிக் கிள்ளிச் சேர்க்கிற வேலை நடக்கிறது, இவருக்கு அந்தக் கை தவறுகிறது என்றார் மேடம்.

“அப்ப, விட வேண்டிய எல கூடைக்குள்ள கூடுதலா விழுந்துருதுங்களா?”

“ஓம் அக்கா. அதுதான். அவ வேணுமெண்டு செய்யேல்லை.”

செல்வராஜ் தலை குனிந்தபடியே, முதல் ரிப்போர்ட் பொய்யா என்று கேட்டார். பொய்யில்லை, அவர்கள் பார்த்த இடத்தில் காணவில்லை, அவ்வளவுதான் என்றார் மேடம். இதைச் சுகப்படுத்த இன்றைக்கு மருந்து இல்லை என்பதையும் மறைக்கவில்லை. வெட்டி ஒட்டுவதைத் திருத்தும் மருந்து, குழந்தைகளின் தசை தளர்ந்துபோகும் ஒரு நோய்க்கு வந்திருக்கிறது. இதற்கும் தேடிக்கொண்டிருக்கிறார்கள், ஆனால் அதை நம்பி இருக்க வேண்டாம், அன்பாகப் பார்த்துக்கொள்வதுதான் இப்போதைக்கு வைத்தியம் என்றார். செல்வராஜ் எழுந்து மனைவிக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

“கை நீட்டிட்டேங்க, மேடம். ரெண்டு மூணு தடவ,” என்றார்.

தனம் டீச்சர் நிமிர்ந்து பார்த்து, இன்னொரு டொபி கேட்டார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு செல்வராஜ் அழுதார். அன்றைக்கே வீட்டுக்கு அழைத்துப் போனார். பிற்பாடு தனம் டீச்சர் கண்ணை மூடும் வரை அந்த மனிதர்தான் குளிப்பாட்டினார், ஊட்டினார் என்று கேள்விப்பட்டேன்.

அவர்கள் போன பிறகும் பாக்கியம் அக்கா எழுந்திருக்கவில்லை.

“எங்க வூட்டுக்காரருக்கும் இதுதானுங்களா, டாக்டரம்மா?”

பார்க்காததை ஒருநாளும் சொல்லாத மேடத்திடம், புதைத்துப் பல வருடமான ஒருவரைப் பற்றிக் கேட்டுவிட்டார். மேடம் கதிரையை இழுத்து அக்காவுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார். அவர் என்ன செய்வார், எதிலிருந்து தொடங்கியது, எதைத் தின்பார், எப்படிச் சிரிப்பார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அக்கா எல்லாவற்றையும் சொன்னார். அத்தனையும் தனம் டீச்சர்தான், ஆள்தான் வேறு.

“அவற்ற இரத்தத்தை நான் பாக்கேல்லை, அக்கா. பாத்தன் எண்டு எழுதவும் மாட்டன். ஆனா நீங்கள் பக்கத்தில இருந்து பாத்தனீங்கள். நீங்கள் பாத்ததை நான் நம்புறன். அது குடியில்லை. வருத்தம்.”

இலங்கையில் நமக்கு வருத்தம் என்றால் நோயும்தான், துயரமும்தான். அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார். பிறகு சட்டென்று அழுகை நின்றது. அவருக்கு மதன் என்று ஒரு மகன் இருந்தார், கொழும்பில் வான் வண்டி ஓட்டுபவர். அண்ணனுக்கும் தங்கைக்கும் வந்தது என்றால் இது ரத்தத்தோடு வருவதா, என் பிள்ளைக்கும் வருமா என்று கேட்டார். வரலாம், வராமலும் போகலாம், பாதிக்குப் பாதி என்றார் மேடம். சோதித்துப் பார்க்கலாம், ஆனால் அதை அவர் கேட்க வேண்டும், நீங்களோ நானோ கேட்கக் கூடாது. கேட்காமல் இருப்பதற்கும் அவருக்கு உரிமை இருக்கிறது.

அக்கா எழுந்து பையை எடுத்துக்கொண்டார். “மொதல்ல அவங்கப்பா குடிகாரர் இல்லன்னு சொல்லிர்றேங்க. மத்தத அப்புறமாச் சொல்லிக்கிறேன்,” என்றார். தனியாகச் சொல்ல வேண்டாம், மகன் வீட்டுக்கு வரும்போது சொல்லுங்கள், நானும் வருகிறேன் என்றார் மேடம்.

சொன்னபடி வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அவரும் கண்டியிலிருந்து வத்தேகமவுக்குப் பஸ்ஸில் போய், அங்கிருந்து திரீவீல் ஆட்டோவில் தோட்டத்துக்கு ஏறினோம். மதன் எங்களுக்குக் கதிரை போட்டுவிட்டு நின்றுகொண்டே இருந்தார். அக்கா முதல் செய்தியைச் சொன்னார். அவர் நம்பாமல் மேடத்தைப் பார்த்தார். அக்காவிடம் சொன்னதையே மேடம் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் அவரிடமும் சொன்னார். மதன் அப்படியே சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

“அப்பா செத்தப்ப நான் மொட்ட போடல, மேடம். குடிகாரனுக்கெல்லாம் போட மாட்டேன்னு எல்லாருக்கும் முன்னாடி சொன்னேன்.”

அக்கா மகனின் தலையைத் தன் மேல் சாய்த்துக்கொண்டார். மேடம் எழுந்துவிட்டார். “இன்னும் சொல்ல வேண்டியது ஒண்டு இருக்கு, தம்பி. இண்டைக்கு வேண்டாம். விருப்பமெண்டா நீங்களே ஒருநாள் வாங்கோ,” என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார்.

அடுத்த வாரம் மதன் ஆய்வுகூடத்துக்கு வந்தார். தலையைச் சுத்தமாக மழித்திருந்தார். மிச்சத்தைக் கேட்க வந்திருப்பதாகச் சொன்னார்.